24 வருட ‘கேப்’

பட்டாளத்துக்காரனுக்குப் பெண் கொடுப்பார்கள், கைதட்டல் கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை போடுவார்கள். வேலை என்று வந்து நின்றால் மட்டும் “பயோடேட்டா மெயில் பண்ணுங்க, செலக்ட் ஆனா கூப்பிடுறோம்” என்று அனுப்பிவைப்பார்கள். கூப்பிட மாட்டார்கள்.

தாராவியில் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. சந்தில் உள்ள அத்தனை பேரின் விண்ணப்பமும் நம் தலையில்தான் விடியும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கரண்ட் மீட்டர் மாற்ற, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க. அப்படித்தான் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களை வைத்துச் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார் ஒருவர் வந்தார். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். மகன் 2000-ல் பட்டாளத்தில் சேர்ந்தார், 2024-ல் ரிலீஸ் வந்தார். வயது 43. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பென்ஷன் வருகிறது, மும்பை அதைத் தின்றுவிடுகிறது.

உறைக்குள் இருந்தது டிஸ்சார்ஜ் புக். ஒரு மனிதனின் 24 வருடத்தை ரெக்கார்ட் ஆபீஸ் அதில் அடக்கித் தந்திருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் ‘எக்ஸெம்ப்ளரி’. மருத்துவ வகை ‘ஷேப்-1’. மனநிலை, காது, கைகால், உடல்திறன், கண் ஐந்திலும் பழுது இல்லை என்று பொருள். இந்த இரண்டு வரியும் சேர்ந்து பொருந்தக்கூடிய ஒரு எம்.எல்.ஏ.வை மும்பையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் கம்பெனி ஒன்றின் ஹெச்.ஆர். பெண் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இது பாஸ்புக்கா அங்கிள்?” என்றாளாம். பிறகு, “மெட்ராஸ் ரெஜிமென்ட் எந்த மாதிரி ஆர்கனைசேஷன்?” என்றும் கேட்டிருக்கிறாள். அவளுடைய கம்பெனி தொடங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் தொடங்கியது 1758-ல்.

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு மேலே ஒரு படிவம் இருக்கிறது. நானும் அவரும் அதைக் கணினியில் திறந்துவைத்து உட்கார்ந்தோம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்கள், நிரப்பாமல் நகர முடியாது. கடைசியாக வாங்கிய சி.டி.சி. எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? முந்தைய மேலாளரின் மின்னஞ்சல் என்ன? வேலையை ஏன் விட்டீர்கள்? நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இறங்கியது. பிட்சா விற்கிறவன் இருக்கிறான், வாடகைக் கார் விடுகிறவன் இருக்கிறான், 12 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உள்ள இந்திய ராணுவம் இல்லை. ‘மற்றவை’யைத் தொட்டோம். அடுத்த கட்டம் திறந்தது: வேலையில் கேப் இருந்தால் விளக்கவும்.

விளக்குகிறேன். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் சாவடியின் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் 10 பேர் அதற்கு அடியில் போனார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, பிப்ரவரி 11-ல் டெல்லியில் இறந்தார். நாடே வாட்ஸ்அப்பில் மெழுகுவத்தி ஏற்றியது. அதே பனியில் வேறொரு சாவடியில் நின்று, பத்து விரலோடும் ஒரு மூக்கோடும் இறங்கி வந்தவன் இன்றைக்கு செம்பூரில் வேலை தேடினால், அந்த வருடம் அவனுக்குக் ‘கேப்’. செத்திருந்தால் பாலத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள். உயிரோடு திரும்பியதுதான் அவன் செய்த பிழை.

“சரிண்ணே, பட்டாளத்துல என்ன வேலை பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க” என்றேன். கடைசிச் சில வருடங்கள் அவர் சி.கியூ.எம்.எச்., அதாவது கம்பெனி குவாட்டர்மாஸ்டர் ஹவில்தார். நூற்றிருபது பேர் கொண்ட கம்பெனிக்கு அரிசியிலிருந்து அம்யூனிஷன் வரை அவர் கணக்கு. மலைமேல் இருக்கும்போது பனி விழுந்து கணவாய் மூடுவதற்கு முன்னால் மாதக்கணக்குக்கு வேண்டியதை மேலே ஏற்றியாக வேண்டும். மண்ணெண்ணெய் ஜெர்ரிகேன் எத்தனை, பருப்பு எத்தனை மூட்டை, கோவேறு கழுதை ஒரு நடைக்கு எவ்வளவு சுமக்கும், வழியில் எவ்வளவு சிந்தும், பிரஷர் குக்கர் வாஷர் எத்தனை. கடைசிச் சாமானைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார். “வாஷர் போச்சுன்னா அந்த ஒசரத்துல சோறு வேகாது தம்பி. கடை எங்க இருக்கு போய் வாங்க? ஒரு தடவ ரம் கொறஞ்சாக்கூட பையங்க பேசாம இருந்திருவானுவ, சோறு வேகலைன்னா மனசு விட்ருவானுவ.” குளிர்காலம் முழுக்க ஒரு கிலோ சர்க்கரை கணக்கில் உதைத்தாலும் கோர்ட் ஆஃப் என்கொயரி. உதைக்கவில்லை.

இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பிவண்டி. கண்ணுக்கெட்டிய தூரம் கிடங்குகள். ஆன்லைனில் நீங்கள் வாங்கும் செருப்பும் சீப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே ஒரு கிடங்குக்கு சூப்பர்வைசர் வேண்டும், சப்ளை செயினில் இரண்டு வருட அனுபவம் தேவை என்று விளம்பரம். இவர் போட்டார். அனுபவம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பதிலை எழுதியது மனிதன்கூட இல்லை. பயோடேட்டாவில் குறிப்பிட்ட சில சொற்கள் இருக்கின்றனவா என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். ‘கோவேறு கழுதை’ அதன் அகராதியில் இல்லை.

பயோடேட்டா எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாட்டுங்காவில் ஃபில்டர் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி ஒருவர் எங்களுக்கு இலவசமாகவே உபதேசம் செய்தார். பயோடேட்டாவிலிருந்து முதலில் பட்டாளத்தை வெளியே எடுக்க வேண்டுமாம். ரேங்க் வேண்டாம், ரெஜிமென்ட் வேண்டாம், மெடல் வேண்டவே வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு மிரட்சியாக இருக்கும். “ஹவில்தார்னு போடாதீங்க, டீம் லீட்னு போடுங்க.” சியாச்சினை என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “கோல்டு செயின் அனுபவம்னு போடலாமே!” மனிதர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் கம்பெனியில் எடுபடும் என்று விளக்கமும் கொடுத்தார்.

ஹவில்தார் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பொய் எழுதாதீங்க தம்பி. புக்குல என்ன இருக்கோ அதை எழுதுங்க, போதும்.” இந்த ஒரு குணம் போதும், எந்த கார்ப்பரேட் நேர்முகத் தேர்விலும் அவரைத் தோற்கடிக்க.

பட்டாளம் விட்டு வருகிற எல்லோருக்கும் இந்த கதி என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தில் மறுகுடியமர்த்தல் தலைமை இயக்குநரகம் என்று ஒன்று இருக்கிறது, டி.ஜி.ஆர். என்பார்கள். அதன் ஏற்பாட்டில் அதிகாரிகள் ஐ.ஐ.எம்.களில் 24 வாரம் மேலாண்மை படிக்கலாம். முடித்து வந்தால் ‘800 பேரை வழிநடத்தினேன்’ என்று கர்னலின் பயோடேட்டாவில் ஒரு வரி பளபளக்கும். அந்த 800 பேரின் பயோடேட்டாவில் என்ன எழுதுவது? அவர்கள் நடத்தப்பட்டவர்கள், அவ்வளவுதான். கர்னல்கள் மேல் எனக்குப் பகை இல்லை. அவர்களும் நாற்பது ஐம்பது இடத்தில் ஏறி இறங்குகிறவர்கள்தான். ஆனால் ஒரே சண்டையில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு அது தலைமைப் பண்பு, இன்னொருவருக்கு அது உடல் உழைப்பு. சாதி பார்த்துப் பழகிய நாட்டுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிப்பாய்க்கு இந்தச் சமூகம் ஒதுக்கியிருக்கிற இடம் ஒன்றே ஒன்று: கேட். இரும்பு கேட். அதற்குக்கூட நேராகப் போய்விட முடியாது. தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்காக 2005-ல் சட்டம் வந்தது, பின்னாலேயே மத்திய அரசின் மாதிரி விதிகள் வந்தன. சாதாரண ஆளுக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. முன்னாள் படைவீரருக்குச் சலுகை உண்டு: 40 மணி நேரம் வகுப்பு, 16 மணி நேரம் களம், குறைந்தது 7 வேலை நாள். பாடத்திட்டத்தில் என்னென்ன தெரியுமா? யூனிஃபார்மை ஒழுங்காகப் போடுவது எப்படி. ராணுவத்திலும் போலீஸிலும் ரேங்க் பட்டைகளை அடையாளம் காண்பது எப்படி. துப்பாக்கிகளில் எத்தனை வகை. 24 வருடம் பட்டாளத்தில் இருந்து, சட்டைக்கையில் அந்தப் பட்டையைத் தைத்துக்கொண்டு, இன்சாஸ் துப்பாக்கியை இருட்டில் பிரித்துப் பூட்டிய மனிதர், பெஞ்சில் உட்கார்ந்து ‘மூன்று பட்டை இருந்தால் ஹவில்தார்’ என்று கற்றுக்கொள்ள வேண்டும். சான்றிதழும் தருவார்கள். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: செக்யூரிட்டி ஆள் ராணுவ யூனிஃபார்மையோ அதைப்போன்ற உடையையோ போட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நியாயம்தான். எவனோ ஒருவன் வேஷம் போட்டு ஏமாற்றக் கூடாது. உண்மையான ஆளே வந்து நிற்பான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

கடைசியில் அதுதான் நடந்தது. செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி, இரவு எட்டிலிருந்து காலை எட்டு. பயோடேட்டாவை யாரும் படிக்கவில்லை. உயரத்தைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள், “எக்ஸ்-மிலிட்டரியா? குட், குட்” என்றார்கள். எக்ஸ்-மிலிட்டரி காவல் என்று காட்டி வீட்டுத் தரகர் ஃபிளாட் வாடகையை ஏற்றிச் சொல்கிறாராம். அந்தக் கூடுதல் வாடகையில் காவல்காரருக்குப் பங்கு கிடையாது.

சொசைட்டி பொதுக்குழுவில் அவர் சம்பந்தமாக ஒரு தீர்மானம் வந்தது. வாட்ச்மேனுக்கு நாற்காலி போடலாமா, கூடாதா. கால் மணி நேரம் விவாதம். நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவான் என்பது ஒரு கட்சி. முதுகு இல்லாத ஸ்டூல் கொடுக்கலாம், சாய முடியாது, அதனால் தூங்க முடியாது என்பது நடுநிலைக் கட்சி. ஸ்டூல் ஜெயித்தது. முன் லிஃப்ட்டில் ஏறக் கூடாது, வேலைக்காரர்களுக்கான பின் லிஃப்ட்டில் போகலாம் என்பது தீர்மானமே இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஸ்டூலை முன்மொழிந்தவரை எனக்குத் தெரியும். 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது ஏ.டி.எம். வரிசையில் முணுமுணுத்தவர்களைப் பார்த்து, “சியாச்சினில் ஜவான்கள் நிற்கிறார்கள், உங்களால் இரண்டு மணி நேரம் நிற்க முடியாதா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவர். ஜவான்கள் நிற்பது அவருக்கு எப்போதுமே பிடித்த விஷயம். இப்போது அவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 15 வந்தது. முந்தின நாள் செயலாளர் அவரைக் கூப்பிட்டு, “சாப், நாளைக்கு மெடல் எல்லாம் போட்டுட்டு வந்துடுங்க” என்றார். அன்று ஒரு நாள் மட்டும் ‘சாப்’. கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். கொடி ஏறியது, அவர் அடித்த சல்யூட்டைக் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், அத்தனை ஃபிளாட்டும் செல்ஃபி எடுத்தது, ஒரு அம்மாளுக்குக் கண் கலங்கியது. ‘அமரன்’ படத்துக்கும் இப்படித்தான் அழுதேன் என்றார். ஜிலேபி கொடுத்தார்கள். ஒன்பதரை மணிக்குச் செயலாளர், “சாப், பகல் ஆள் வரலை, இன்னைக்கு டபுள் டியூட்டி பார்த்துடுங்க” என்றார். மெடலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்டூலுக்குப் போனார்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, இட ஒதுக்கீடு கொடுத்திருக்கிறது என்பீர்கள். கொடுத்திருக்கிறது. மத்திய அரசுத் துறைகளில் சி பிரிவில் 10 சதவீதம், டி பிரிவில் 20 சதவீதம். மெட்ரிக் முடித்து 15 ஆண்டு பட்டாளத்தில் இருந்தவரைப் பல சி பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரியாகவே கருதலாம் என்று விதியும் இருக்கிறது. காகிதத்தில் அவ்வளவு தாராளம். இனி டி.ஜி.ஆரின் சொந்தக் கணக்கு, 2021 ஜூன் 30 நிலவரம். விவரம் இருந்த 34 துறைகளில் சி பிரிவு ஊழியர்கள் 10,84,705 பேர். அதில் முன்னாள் படைவீரர்கள் 13,976. சதவீதம் 1.29. டி பிரிவில் 20-க்கு 2.66. செம்பூர்க்காரர்கள் சுவாசிக்கிற புகையில் பொதுத்துறைப் புகையும் உண்டு: மாகுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், அருகே உர ஆலை. எனவே பொதுத்துறையையும் பார்த்துவிடுவோம். அங்கே விதிப்படி சி பிரிவில் 14.5, டி பிரிவில் 24.5 சதவீதம். விவரம் இருந்த 94 மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் சி பிரிவில் கிடைத்தது 1.15, டி பிரிவில் 0.3. பூஜ்யம் புள்ளி மூன்று. சர்வதேசத் தரத்தில் சுத்திகரித்திருக்கிறார்கள்.

வங்கிகளைக் குறை சொல்ல முடியாது. அதே கணக்கின்படி டி பிரிவில் 24.5-க்கு 21.34 வரை வந்துவிட்டார்கள். வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிறவர் அந்தப் பிரிவு. கவுன்ட்டருக்கு உள்ளே உட்காரும் சி பிரிவில் அதே வங்கிகள் 9.10-ல் நின்றுவிட்டன. கேட்டால் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் ரிலீஸ் வருகிறார்கள், பலரும் உழைக்கிற வயதில். அத்தனை பேரும் ஷேப்-1 காலோடு நடந்து வந்தும் ஒருவரும் கண்ணில் படவில்லை.

பயோடேட்டாவில் இன்னும் ஒரு வரி பாக்கி: நிலையான முகவரி. தாராவி 400017 என்று எழுதினேன். எழுதும்போதே அது நிலையானதா என்று இருவருக்கும் சந்தேகம். தாராவி மறுசீரமைப்பில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்டுகிறவர்களுக்குத் தாராவிக்குள் இலவசமாக 350 சதுர அடி. மேல்மாடிக்காரர்கள் ஊருக்கு வெளியே போக வேண்டியது, அங்கே வாடகை கட்டி, பின்னால் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கீழ்வீடு அண்ணன் பெயரில். இவர் எல்லையில் இருந்தபோது அனுப்பிய பணத்தில் எழுப்பியது மேல்மாடி. தாராவியில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டு வந்த சர்வே பையனிடம் அவர் எதைக் காட்டுவார்? ரெக்கார்ட் ஆபீஸில் ஆதாரம் இருக்கிறது, அவர் தாராவியில் இல்லை என்பதற்கு.

இதே மும்பையின் இன்னொரு முனையில், கொலாபாவில், படையில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் என்று பெயர் சொல்லி ஆரம்பித்த ஆதர்ஷ் சொசைட்டி 31 மாடி எழும்பியது. அதில் அரசியல்வாதிகள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், முன்னாள் தளபதிகள்கூட இருந்தார்கள். 2010-ல் விஷயம் வெடித்து முதலமைச்சர் அசோக் சவான் பதவி விலகினார். 2024-ல் அவர் கட்சி மாறி மாநிலங்களவைக்குப் போனார். வேலையில் கேப் இருந்தால் விளக்கவும் என்று அவரிடம் எந்தப் படிவமும் கேட்டதாகத் தெரியவில்லை.

2022 ஜூன் 14-ல் அக்னிபத் வந்தது. நான்கு வருடம் பட்டாளம், நூற்றுக்கு 25 பேருக்கு மட்டும் நிரந்தரம், மற்றவர்கள் கையில் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. வட இந்தியாவில் ரயில்கள் எரிந்தன. அந்த வாரம் கார்ப்பரேட் உலகத்துக்குப் பட்டாளத்தின் மேல் திடீரென்று காதல் பொங்கியது. அக்னிவீரர்களின் ஒழுங்குக்கும் திறமைக்கும் நல்ல வேலைவாய்ப்பு இருக்கிறது, எங்கள் குழுமம் வரவேற்கிறது என்று ஆனந்த் மஹிந்திரா ட்வீட் போட்டார். முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் அருண் பிரகாஷ் அங்கேயே கேட்டார்: புதுத் திட்டம் வரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், வருடா வருடம் ஓய்வுபெறுகிற ஆயிரக்கணக்கான திறமைசாலிகளை இதுவரை உங்கள் குழுமம் தேடிப் போனதுண்டா, எண்ணிக்கை சொல்லுங்கள் என்று. பா.ஜ.க.வின் கைலாஷ் விஜய்வர்கியா இத்தனை சுற்றி வளைக்கவில்லை. கட்சி அலுவலகப் பாதுகாப்புக்கு ஆள் வைப்பதென்றால் அக்னிவீரருக்கே முன்னுரிமை கொடுப்பேன் என்று இந்தூரில் சொன்னார். பிறகு பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றார். திரிப்பதற்கு அதில் என்ன இருந்தது? என் கணக்கில் அந்த வாரம் நாட்டிலேயே உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

முதல் தொகுதிப் பையன்களுக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலுமாக நான்கு வருடம் முடிகிறது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வருவார்கள், எங்கள் சந்துக்கும் ஒருவர் இருவர் வரலாம். நான் அவர்களுக்குப் பயோடேட்டா எழுதித் தருவதாக இல்லை. இந்த முறை நீங்கள் எழுதுங்கள், கம்பெனிக்காரர்களே, சொசைட்டி செயலாளர்களே, பொதுத்துறை மேலாளர்களே. உங்களிடம் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர், அவர்களில் கேட்டுக்கு உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர், சாய்ந்து உட்கார முதுகுள்ள நாற்காலி எத்தனை பேருக்கு. இதுவரையில் கேப் இருந்தால் விளக்கவும். எல்லாம் ஒரே பக்கத்துக்குள் இருக்கட்டும், மெயில் பண்ணுங்கள். செலக்ட் ஆனால் கூப்பிடுகிறோம்.